மேஸ்திரி இன்ஸாஃப் குடிக்காத காபி

இன்ஸாஃபைப் பற்றி எங்கள் கட்டடத்தில் இப்போது யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். இந்த ‘இப்போது’ என்ற சொல்லை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அவள் மேல் எரிச்சல் இல்லை. என் மேலும், என் மாமியார் மேலும், எங்கள் மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் பத்துத் தண்ணீர்த் தொட்டிகள் மேலும்தான்.

எங்கள் மலையில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் விடுவார்கள். எங்கள் தெருவுக்குச் செவ்வாய். காலை ஏழு மணிக்கும் வரும், பத்து மணிக்கும் வரும், மாலைக்குள் நின்றுவிடும். அதற்குள் தொட்டிகள் நிரம்பியாக வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு மிதவை வால்வு இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் பந்து கீழே இறங்கி வழியைத் திறக்கும். நிறைந்தால் மேலே எழும்பி மூடும். செவ்வாய்க்கிழமை அது திறக்காமல் முரண்டு பிடித்தால், அடுத்த செவ்வாய்வரை அந்த வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, அதையே ஏந்தி வைத்துக் கழிவறைக்கு ஊற்ற வேண்டியதுதான். பிள்ளைகளின் சட்டையை முகர்ந்து பார்த்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான். எங்கள் அம்மான் தலைநகரம், பெரிய ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை வந்து எங்கள் படிக்கட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

கட்டடம் ஐந்து மாடி. கீழே என் மாமியார் ரஸ்மிய்யா. ஹஜ் செய்துவிட்டு வந்தவர் என்பதால் தெருவே அவரை ஹாஜ்ஜா என்றுதான் அழைக்கும். நான் மாமி என்பேன். மேலே மாடிக்கு ஒருவராக நான்கு மகன்கள், நான்கு மருமகள்கள். இரண்டாவது மகனின் மனைவி நான். என் பெயர் மைசூன், மூத்தவன் கைஸின் பெயரை வைத்து உம்மு கைஸ் என்பார்கள். ஆண்கள் நால்வரும் விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். ஆண் இல்லாத நேரத்தில் வேற்று ஆண் வீட்டுக்குள் வர முடியாது. பிளம்பர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களும் பொழுது சாய்ந்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே எங்கள் குழாய்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையை நம்பி ஒழுகின. வெள்ளிக்கிழமை பிளம்பர் தொழுதுவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தூங்கினார்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் இன்ஸாஃப் வந்தாள்.

அவள் வீடு அடுத்த தெருவில். கணவர் அபூ லுஜைன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவரின் வீட்டிலேயே கழிவறைக் குழாய் இருபத்து மூன்று நாள் ஒழுகியது. அவர் வீட்டில் இருக்கும்போது பிளம்பர் வரவில்லை, பிளம்பர் வந்தபோது அவர் இல்லை. பெண்களுக்குக் குழாய் வேலை சொல்லித்தரும் வகுப்பு ஒன்று நடக்கிறது என்று யாரோ சொல்ல, இரண்டு பெண் பிள்ளைகளையும் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். “எல்லாரும் பொழுது போகலன்னு தையல் கத்துக்குறாங்க. நான் பொறுமை போயிடுச்சுன்னு இதக் கத்துக்கிட்டேன்” என்பாள்.

நெட்டை உடம்பு, நீள அங்கிக்குள் வேலைக்குரிய கால்சட்டை, தோளில் மகளின் பழைய பள்ளிப் பை. அந்தப் பைக்குள் ஸ்பேனர்கள், வாஷர்கள், ஒரு பாட்டில் வினிகர், வெள்ளை டேப், உள்ளங்கை அளவு டப்பாவில் சிலிகோன் கிரீஸ். மணியை ஒருமுறை அடித்துவிட்டு, நாம் கதவைத் திறப்பதற்குள் மறுமுறையும் அடித்துவிடுவாள். முதல் நாள் எங்கள் சமையலறைக்கு வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை, நேராகக் குழாயைத்தான் பார்த்தாள்.

“யாரு இதை மூடுறது?”

“நான்தான்.”

“உங்களுக்கு என்ன கோவம் அது மேல? இப்படி இறுக்கினா உள்ள இருக்குற வாஷர் நசுங்கிடும். நசுங்கினா ஒழுகும். ஒழுகினா இன்னும் இறுக்குவீங்க. ரெண்டு விரலு போதும், உம்மு கைஸ்.”

பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி, தண்டை உருவி எடுத்து வினிகரில் போட்டாள். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்டு முழுக்க வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஊறியதும் பழைய பல் துலக்கியால் தேய்த்தாள், துடைத்துக் காயவைத்தாள், புது வாஷர் போட்டாள், பருப்பளவு கிரீஸை விரல் நுனியில் எடுத்து மரைகளில் சுற்றிப் பூசினாள். மாட்டி முடித்ததும் எங்கே கைப்பிடி நிற்க வேண்டுமோ அங்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள்.

“இந்தப் பொட்டத் தாண்டக் கூடாது” என்றாள்.

குழாய் சத்தமே இல்லாமல் சுழன்றது. நான் பத்து முறையாவது திறந்து மூடியிருப்பேன். பிறகு ஏலக்காய் போட்டுக் காபி கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் ஐந்து மாடிக்கும் அவள்தான். பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் ‘மேஸ்திரி’ என்று அழைக்க ஆரம்பித்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எல்லாக் குழாயையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசிவிட்டுப் போவாள். மொட்டைமாடிக்குப் போய்ப் பத்து வால்வுகளையும் பார்ப்பாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் எண்ணெய்.

மாமியின் குடும்பம் அஜ்லூன் மலைப்பக்கம். அங்கே அவர் அப்பா வைத்த ஆலிவ் மரங்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு நவம்பரிலும் செக்கிலிருந்து நேராக டின்களில் எண்ணெய் வரும். அந்த எண்ணெய்க்கு முன்னால் மற்ற எண்ணெயெல்லாம் கழுநீர். காது வலித்தால் அந்த எண்ணெய். குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் அந்த எண்ணெய். கதவு கிறீச்சிட்டால், தையல் மிஷின் இறுகினால், மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டால் அந்த எண்ணெய். எங்கள் குடும்பத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்தை வைத்தே எங்கள் எண்ணெயைக் கண்டுபிடிப்போம் என்று பெருமை பேசாத ஆள் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் நானும் கற்றுக்கொண்டேன், வேறு வழி?

குழாய் சற்று இறுகினால் மாமி அதிலும் ஒரு ஊற்று ஊற்றிவிடுவார். மொட்டைமாடி வால்வுகளுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தவர்தான். முழங்கால் போனபிறகு படி ஏற முடியவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. திங்கட்கிழமை பிற்பகல், மற்றவர்கள் கண்ணயரும் நேரத்தில், மாமி தன் கையாலேயே சின்னக் கண்ணாடிக் கப்பில் எண்ணெயை நிரப்பிக் கொடுப்பார்.

“பத்துக்கும் ஊத்திட்டு வா. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. எண்ணெயை வீணாக்குறேன்னு பசங்க கத்துவானுங்க.”

நானும் போவேன். வால்வின் முட்டியிலும், உள்ளே ரப்பர் உட்காரும் இடத்திலும் ஊற்றிவிட்டு வருவேன். நான் செய்தேன். யார் சொல்லிச் செய்தாலும் கை என்னுடையதுதான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

எண்ணெய் ஊற்றிய அன்றைக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு ஆடும். அதுதான் ஏமாற்று. ஒரு மாதம் வெயிலில் கிடந்தபிறகு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, பித்தளையோடு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் இன்ஸாஃப் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாம் முறை வந்தபோதே வாஷரைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுல யாராச்சும் எண்ணெய் விடுறீங்களா?”

மாமி சோபாவில் உட்கார்ந்து முளுக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை, காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. அவர் எண்ணெயால் ஒரு பொருள் கெட்டது என்று அவர் வீட்டில் நின்று சொல்வது அவர் அப்பாவின் மரத்தை வெட்டுவதற்குச் சமம்.

“இல்லையே” என்றேன்.

இன்ஸாஃப் என்னை ஒரு நொடி பார்த்தாள். “சரி. யாரும் விடலன்னா நல்லது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எந்த எண்ணெயும் ஆகாது. இறுகினா என்னைக் கூப்பிடுங்க” என்றாள்.

மாமி கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, “எங்க எண்ணெய் யாருக்கும் ஆகாமப் போனதில்ல” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளோ புது வாஷர் போடுவாள், நானோ எண்ணெய் ஊற்றுவேன். அவள் திரும்ப வந்து, போன முறை போட்ட வாஷர் உப்பிக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். கடை மாற்றினாள், வேறு ரப்பர் வாங்கினாள், விலை கூடியது வாங்கினாள். மற்றக் கட்டடங்களில் ஒரு வருடம் நிற்கும் வாஷர் எங்கள் வீட்டில் ஏன் மூன்று மாதம்கூட நிற்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மென்று விழுங்கினேன். மூன்று வருடம் இப்படி.

பிறகு அந்த ஜூலை வந்தது. மூன்றாவது மாடியில் என் ஓரகத்தி உம்மு ஸுஹைல் பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய் மாலை துணி துவைக்கலாம் என்று குழாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மேலே போய்ப் பார்த்தால் அவளுடைய இரண்டு தொட்டிகளும் காலி. தண்ணீர் வந்து, நின்று, போயும்விட்டது. வால்வுகள் வாயைத் திறக்கவே இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் எப்படி? லாரிக்குப் போன் போட்டார்கள். பக்கத்தில் இருக்கும் லாரி யாருடையது? அபூ லுஜைனுடையது. அவர் வந்து ஊற்றிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து மாமியின் தொட்டியும் அதே மாதிரி. மறுபடி லாரி. மறுபடி அபூ லுஜைன்.

உம்மு ஸுஹைலுக்கு நாக்கில் எலும்பு கிடையாது. அதுவும் தூக்கமில்லாத உடம்பு. படிக்கட்டில் நின்று, நான்கு மாடிக்கும் கேட்கிற மாதிரி, “பொண்டாட்டி அடச்சு வச்சிட்டுப் போறா, புருஷன் வந்து ஊத்திட்டுப் போறான். நல்ல குடும்பம், நல்ல ஏற்பாடு” என்றாள்.

கீழே திருப்பத்தில் இன்ஸாஃப் நின்றுகொண்டிருந்தாள். மாமி வீட்டு வால்வைப் பார்க்க வந்தவள். தோளில் பை. முழுதும் கேட்டுவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வந்த வேலையைச் செய்துவிட்டு, காபி வேண்டாம் என்று போய்விட்டாள்.

பேச்சு அவளுக்கு முன்னால் மலை இறங்கியது. கீழ்த் தெருவில் மூன்று வீட்டார், இனி வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண் இல்லாத வீட்டின் உள்ளறைவரை நுழைகிறவளிடம் நல்ல பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அது போனால் அவளுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும், பைக்குள் இருக்கும் ஸ்பேனர் ஒன்றுக்கும் உதவாது. அவள் கணவரிடம் சொல்லி, எங்கள் கட்டடத்துக்கு லாரி கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாள். அடுத்த முறை என் தொட்டி காலியானபோது வேறு லாரிக்கு இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த இரண்டு நாளும் என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டியபடியே திங்கட்கிழமை கப்பையும் வாங்கிக்கொண்டு மேலே போனேன். மாமியிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் காலை, தண்ணீர் வருவதற்கு முன்பே, இன்ஸாஃப் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மாமியின் வீட்டில் நாங்கள் நான்கு மருமகள்களும் தண்ணீரை எதிர்பார்த்துக் காபித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். செவ்வாய்க்கிழமை அதுதான் வழக்கம். அவள் நேராக மொட்டைமாடிக்குப் போய், என் தொட்டிக்கு வரும் வழியை அடைத்துவிட்டு, வால்வைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். மாமி உட்காரச் சொன்னார். மரியாதைக்குக் காபி கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவள் வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோகாமல் அப்படியே தனக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

எங்கள் ஆட்களில் பெண் கேட்கவோ, சண்டை தீர்க்கவோ வருகிற பெரியவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டேன் என்று அதற்குப் பொருள். வைத்த காபி குடிக்கப்படாமல் திரும்பினால் வீட்டுக்காரருக்குத் தலைக்குனிவு. ஒரு பெண், அதுவும் குழாய் ரிப்பேருக்கு வருகிறவள், செய்து நான் பார்த்ததில்லை.

“குடி மேஸ்திரி, ஆறிடும்” என்றார் மாமி.

“ஆறட்டும் ஹாஜ்ஜா. எனக்கு ஒண்ணு வேணும். கிடைச்சா குடிக்கிறேன்.”

உம்மு ஸுஹைல் குழந்தையைத் தோள் மாற்றினாள். “இதென்ன, ஆம்பளைங்க பண்ற வேலையெல்லாம் பண்ற? தாடி ஒண்ணுதான் பாக்கி.”

“பைப்பு வேலையும் ஆம்பளைங்க வேலைதான். அதுக்கு என்னைக் கூப்பிடும்போது தாடி இருக்கான்னு நீங்க கேக்கல.”

“சரி, என்ன வேணும் உனக்கு?” மாமி கேட்டார்.

“என் பேரு. இந்த வீட்டுப் படிக்கட்டுலதான் போச்சு. இங்கயே திருப்பிக் குடுங்க.”

செய்தித்தாளைப் பிரித்தாள். வால்வின் முட்டியில் பழுப்பாகப் பசை அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் ரப்பரை நெம்பினாள். பித்தளையை விட்டு வர மனமில்லாமல் பிசுபிசுவென்று வந்தது. பையிலிருந்து புது ரப்பர் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழையது அதைவிட ஒன்றரை மடங்கு உப்பியிருந்தது.

“ரெண்டும் ஒரே கடை, ஒரே அளவு. இது மூணு மாசத்துக்கு முன்னால நான் போட்டது. இப்ப மோந்து பாருங்க” என்று வால்வைச் சுற்றிலும் நீட்டினாள்.

மோந்து பார்க்கத் தேவையே இல்லை. நேற்று ஊற்றியதன் பச்சை மணம் பசைக்கு மேல் அப்படியே இருந்தது. கண்ணைக் கட்டினாலும் கண்டுபிடிப்போம் என்று பெருமை பேசுகிற குடும்பம். நான்காவது மருமகள் மூக்கருகே கொண்டுபோய்விட்டு ஜன்னலைப் பார்த்தாள். மூத்தவள் வாங்கவே இல்லை. மாமி வாங்கினார். கண்ணை மூடி முகர்ந்தார். அவர் முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே இறுகிக்கொண்டது.

“எங்களுது இல்ல” என்றார்.

“இந்த ஊர்ல யார் வீட்ல எண்ணெய் இல்ல? உன் வீட்லயும் இருக்கும்ல. நீயே தடவிட்டு வந்து எங்ககிட்ட நீட்டினா, நாங்க நம்பணுமா?” என்றாள் உம்மு ஸுஹைல்.

இன்ஸாஃப் மாமியைத்தான் பார்த்தாள். மாமி என்ன சொல்வார் என்று நானும் பார்த்தேன். மாமி தலையை ஆட்டினார். ஆமாம், அப்படியும் இருக்கலாம் என்பது மாதிரி, மெல்ல. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அப்போது படிக்கட்டுச் சுவரிலிருந்த குழாய்களில் கடகடவென்று சத்தம் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். என் வால்வோ தட்டுக்குப் பக்கத்தில் செய்தித்தாள் மேல் கிடக்கிறது, மேலே வழி அடைபட்டிருக்கிறது.

“முதல்ல அதக் கொண்டுபோய் மாட்டு, அப்புறம் பேசிக்கலாம்” என்றார் மாமி.

இன்ஸாஃப் அசையவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு காபியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் ஊத்தினேன்” என்றேன்.

என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. மறுபடி சொன்னேன். “வால்வுல எண்ணெய் ஊத்தினது நான்தான். திங்கக்கிழமை திங்கக்கிழமை. பத்துத் தொட்டிக்கும். மூணு வருஷமா. மேஸ்திரி கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்.”

அடுத்து மாமியின் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார். அந்த வயதிலும் என்ன வேகம்.

“எவ்ளோ ஊத்தின?”

“ஒரு கப்பு.”

“ஒரு கப்பா? நான் ஒரு சொட்டுதானே சொன்னேன்?” மார்பில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லா, ஒரு கப்பு ஊத்தினா எதுதான் தாங்கும்? எண்ணெய்ல என்ன குத்தம்? ஊத்துன கையிலதான் குத்தம்.”

கப்பை நிரப்பிக் கொடுத்த கை எதிரே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறது. அறை முழுவதும் ஒரு பெருமூச்சு. எண்ணெய் தப்பித்தது, மரங்கள் தப்பின, மாமியின் அப்பா தப்பினார். மூத்தவள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“ஹாஜ்ஜா, ஒரு சொட்டும் கூடாது” என்றாள் இன்ஸாஃப்.

“சரி சரி. ஒரு சொட்டும் வேணாம். இனிமே இவ மாடிப்பக்கமே போக மாட்டா. காபியக் குடி.”

“என் பேரு?”

மாமி உம்மு ஸுஹைலைப் பார்த்தார். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில், “மேஸ்திரி மேல தப்பில்ல. அவ புருஷன் மேலயும் தப்பில்ல. நான் பேசினதுதான் தப்பு. பிள்ள தூங்க விடல, வாய் போயிடுச்சு. மனசுல வச்சுக்காத” என்றாள்.

இன்ஸாஃப் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். வால்வைத் துடைத்து, புது ரப்பர் போட்டு, பருப்பளவு கிரீஸ் பூசி, இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள். பகலுக்குள் பத்து வால்வையும் கழற்றி மாட்டிவிட்டாள். அன்று எங்கள் தொட்டிகள் எல்லாம் நிரம்பின. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

நான்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டில் என் பெயர் இப்போது ‘கப்பு’. சாலட்டுக்கு எண்ணெய் ஊற்றப் போனால் யாராவது டின்னைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கைஸின் அப்பாவே, “ஒரு கப்பா? உனக்குப் புத்தி வேணாமா?” என்றார். உண்மையைச் சொன்னேன். “அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு நிச்சயதார்த்தத்தில், முன்பின் தெரியாத ஒருத்தி என்னைக் காட்டி, தொட்டிக்கெல்லாம் எண்ணெய் ஊற்றியவள் இவள்தான் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மாமியோ எதுவும் நடக்காதது மாதிரி, என்னிடம் இன்னும் கொஞ்சம் பிரியமாகவே இருக்கிறார். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து இன்ஸாஃப் வழக்கம்போல வந்து, என் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு வேலை செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் கொட்டித் தீர்த்தேன்.

“அவங்க கையாலதான் நிரப்பிக் குடுப்பாங்க, மேஸ்திரி. ஒரு சொட்டுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப என்னடான்னா ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. செய்யாத தப்புக்கு எத்தன நாளு இப்படித் தலையக் குனிஞ்சு நடக்குறது, சொல்லுங்க.”

உள்ளேயிருந்து ஒரு நட்டைக் கழற்றி என் பக்கம் தரையில் வைத்தாள்.

“கீழ்த் தெருவுல மூணு வீடு இருக்குல்ல, உம்மு கைஸ்” என்றாள் பிறகு. “அவங்க இன்னும் என்னைக் கூப்பிடல. எதிர்ல பாத்தா ஸலாம் சொல்றதில்ல. உங்க வீட்ல சொன்னது உங்க வீட்டோடவே நின்னுபோச்சு.” கை மட்டும் வெளியே நீண்டது. “அந்தப் பெரிய ஸ்பேனரக் குடுங்க.”

கொடுத்தேன்.

மறுநாள் காலை கைஸைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கீழ்த் தெருவுக்கு இறங்கினேன். முதல் வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். “எண்ணெய் ஊத்தினவங்கதானே? உள்ள வாங்க, அந்தக் கதைய உங்க வாயால கேக்கணும்” என்றாள். சொன்னேன். எண்ணெயால் ரப்பர் உப்பியதை, இன்ஸாஃப் கேட்டபோது நான் பொய் சொன்னதை, அவள் மேல் பழி விழுந்தபோது நான் சும்மா இருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். கப்பை நிரப்பியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. அங்கேயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வீட்டுக்காரி சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுத் தன் கழிவறைக் குழாயை எழுந்துபோய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, இன்ஸாஃபின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள்.